கூண்டு வண்டியும் குளிர்காலச் சாலையும்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களில் ஆற்றோரமாக மேற்கே போகும் ஒரு தடத்தில் இரண்டு காலத்துப் பயணங்கள் படிந்திருக்கின்றன. 1840களின் தொடக்கத்திலிருந்து, 1869இல் ரயில் பாதை கண்டத்தின் இரு கரைகளையும் இணைத்தது வரை, ஓரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் யூட்டாவுக்கும் கூண்டு வண்டிகளில் குடிபெயர்ந்தவர்களின் பயணம் ஒன்று. அவர்கள் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. டிசம்பரிலோ ஜனவரியிலோ அதே நிலத்தைக் காரில் கடந்து, அந்தக் குடியேறிகள் குறித்துவைத்த பாறைகளையும் கணவாய்களையும் பார்த்துப் போகிறவர்களின் பயணம் மற்றொன்று.

இரண்டையும் அருகருகே வைத்தால் முதலில் தெரிவது வேகத்தின் வேற்றுமை. அவர்களுக்கு ஐந்து மாதம், நமக்கு மூன்று நாள். ஆனால் அந்த ஒப்பீடு நம்மை அதிக தூரம் அழைத்துச் செல்வதில்லை. குளிர்காலத்தை இரு தரப்பும் எப்படி எதிர்கொண்டன என்று கேட்டால்தான் உண்மையான ஒற்றுமையும் வேற்றுமையும் வெளிப்படுகின்றன. இந்த வழியில் தூரத்தை மட்டும் கணக்கிட்டவர்கள் இரண்டு நூற்றாண்டிலும் அடிபட்டிருக்கிறார்கள். பருவத்தைக் கணக்கிட்டவர்கள் பிழைத்திருக்கிறார்கள். இதை மெய்ப்பிக்க முயல்வதே இக்கட்டுரை.

புல் வகுத்த வழியும் பொறியாளர் வகுத்த வழியும்

கூண்டு வண்டியை இழுத்தவை பெரும்பாலும் காளைகள். அவை ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் நல்ல நடை. 3,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணத்துக்கு வேண்டிய தீவனத்தை வண்டியிலேயே ஏற்றிச் செல்ல முடியாது. வழியில் முளைத்திருக்கும் புல்லைத்தான் நம்ப வேண்டும். மிசௌரி ஆற்றங்கரையில் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ புல் தலைகாட்டும். அதற்கு முன் கிளம்பினால் மாடு பட்டினி கிடக்கும். பிந்திக் கிளம்பினால் முன்னே போன மந்தைகள் மேய்ந்து முடித்த தரைதான் மிஞ்சும். பயணத்தின் கடைசியில் மேற்கு மலைகளின் பனியும் காத்திருக்கும். இடையில் கிடைத்த சில வாரங்களே புறப்படும் காலம்.

புல்லோடு தண்ணீரும் வேண்டும். அதனால் தடம் ஆற்றைப் பற்றிக்கொண்டே போனது. முதலில் பிளாட் ஆறு, பிறகு அதன் வடகிளை, அதன்பின் ஸ்வீட்வாட்டர். ஸ்வீட்வாட்டரின் மேட்டில்தான் சவுத் பாஸ் கணவாய் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,260 மீட்டர் உயரம்; ஆனால் ஏற்றம் அவ்வளவு மெதுவானது, ராக்கி மலைத்தொடரின் முதுகைக் கடந்துவிட்டோம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. 1812இல் ராபர்ட் ஸ்டூவர்ட்டின் குழு மேற்கிலிருந்து கிழக்கே வரும்போது இவ்வழியைக் கடந்தது. 1836இல் நார்சிசா விட்மன், எலைசா ஸ்பால்டிங் என்ற இரு பெண்கள் இதைக் கடந்த பிறகு, குடும்பத்தோடு போகலாம் என்ற நம்பிக்கை கிழக்கே பரவியது.

இன்றைய ஐ-80 நெடுஞ்சாலையும் நெப்ராஸ்காவின் பெரும்பகுதியில் பிளாட் ஆற்றையே ஒட்டிப் போகிறது. ஆனால் காருக்குப் புல் வேண்டாம். மேற்கே போகப் போக நெடுஞ்சாலை வண்டித்தடத்தை விட்டு விலகி, செயென் வழியாக ஏறி, லாரமிக்கு முன்னால் 2,633 மீட்டரில் தன் உச்சியைத் தொடுகிறது. சவுத் பாஸைவிட இது 370 மீட்டருக்கும் மேல் உயரம். காளையால் கொடுக்க முடியாத விலையை எஞ்சின் கொடுத்துவிடுகிறது.

பழைய அடையாளங்களைப் பார்க்க விரும்புகிறவர் ஓகலாலாவில் ஐ-80ஐ விட்டு இறங்கி, யூ.எஸ். 26 என்ற சிறிய சாலையைப் பிடித்து, வடபிளாட் ஆற்றோடு போக வேண்டும். குளிர்காலத்தில் அந்தத் திருப்பம் ஒரு பெரிய முடிவு. நெடுஞ்சாலையின் லாரிக் கூட்டம், பெரிய பெட்ரோல் நிலையங்கள், அடிக்கடி ஓடும் பனி வாரும் வண்டிகள் எல்லாம் பின்தங்கிவிடும். ஆற்றை நம்பிப் போவது என்றால் என்ன என்பது அங்கேதான் உறைக்கத் தொடங்கும்.

நாள்காட்டியாக நின்ற பாறைகள்

இந்தத் தடத்தின் அடையாளங்களைக் கண்ணுக்கு அழகான இடங்கள் என்று மட்டும் நினைத்தால் அவற்றின் வேலை புரியாது. குடியேறிகளுக்கு அவை நாள்காட்டி. ஆஷ் ஹாலோவில் சக்கரங்களைப் பூட்டி, கயிறு கட்டிப் பிடித்து, செங்குத்துச் சரிவில் வண்டிகளை இறக்கிய பிறகு வடபிளாட் பள்ளத்தாக்கு தொடங்கும். அங்கிருந்து சில நாள் நடையில் சிம்னி ராக் தொலைவில் எழும். அடியில் அகன்ற கூம்பு, அதன்மேல் ஒல்லியான தூண். களிமண்ணும் எரிமலைச் சாம்பலும் மணற்கல்லும் அடுக்கடுக்காய் அமைந்த மேடு அது. பக்கத்தில் போய்ச் சேர்வதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே கண்ணில் பட்டுவிடும். குடியேறிகளின் நாட்குறிப்புகளில் இதைப்போல் அடிக்கடி இடம்பெற்ற அடையாளம் வேறில்லை. அடுத்தது ஆற்றிலிருந்து ஏறத்தாழ 250 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஸ்காட்ஸ் பிளஃப். பிறகு 1834இல் தோல் வணிகச் சாவடியாகத் தொடங்கி 1849இல் ராணுவத்தின் கைக்கு வந்த லாரமி கோட்டை. ஜூன் நடுவில் அங்கே இருந்தால் கணக்கு சரி.

அடுத்த கெடு இண்டிபெண்டன்ஸ் ராக். ஏறத்தாழ 40 மீட்டர் உயரமும், சுற்றிவர ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் உள்ள ஒரே கருங்கல் மேடு. அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4க்குள் அங்கே சேர்ந்துவிட வேண்டும் என்பது தடத்தின் சட்டம். சேர்ந்தவர்கள் பாறைமேல் ஏறித் தங்கள் பெயரை எழுதினார்கள். உளி வைத்திருந்தவர்கள் செதுக்கினார்கள். மற்றவர்கள் வண்டி மையைத் தொட்டு எழுதினார்கள். மையில் எழுதியவை பெரும்பாலும் அழிந்துவிட்டன, செதுக்கியவற்றில் பல இருக்கின்றன. 1840இல் இவ்வழி வந்த பாதிரியார் பியேர்-ழான் த ஸ்மெட் இந்தப் பாறையைப் பாலைவனத்தின் பதிவேடு என்று வர்ணித்தார். பெயர் எழுதும் ஆசைக்குப் பின்னால் ஒரு நிம்மதி இருந்தது: இன்ன நாளில் இங்கே இருந்தோம், பனிக்கு முன் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

சிம்னி ராக்கிலிருந்து இண்டிபெண்டன்ஸ் ராக் வரை வண்டிக்கு ஏறத்தாழ மூன்று வாரம். காருக்குச் சாலை காய்ந்திருந்தால் ஐந்து மணி நேரம் போதும். அதனால் நம் கையில் இந்த அடையாளங்கள் நாள்காட்டி என்ற பொருளை இழந்துவிட்டன. வரிசையாக வரும் நிறுத்தங்களாகிவிட்டன. குளிர்காலப் பயணம் அந்தப் பொருளைக் கொஞ்சம் மீட்டுத் தருகிறது. மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். அதற்குள் அடுத்த ஊரைப் பிடிக்க வேண்டும். காஸ்பருக்குத் தென்மேற்கே இண்டிபெண்டன்ஸ் ராக்கைத் தாண்டிவிட்டால் வீடுகளே அரிது. ஒரு பாறையைப் பார்த்ததும் ‘நேரத்துக்கு வந்துவிட்டோம்’ என்று மனம் சொல்லுமானால், அந்தப் பாறையைக் குடியேறிகள் பார்த்தபடி நாமும் பார்க்கிறோம் என்று சொல்லலாம்.

கெர்ன்சி ஊருக்கு அருகே உள்ள வண்டித்தடங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிற இடங்களில் வண்டிகள் ஒன்றன் புழுதியை மற்றொன்று குடிக்காதிருக்கப் பக்கவாட்டில் விரிந்து போயின. இங்கே ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே வேறு வழி கிடையாது. ஏறக்குறைய எல்லா வண்டிகளும் ஒரே முகட்டை ஒரே இடத்தில் ஏறிக் கடந்தன. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் மென்மையான மணற்கல்லை அறுத்து, சில இடங்களில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கின்றன. உள்ளே இறங்கி நின்றால் கல்லின் விளிம்பு ஆளின் மார்பு வரை வரும். ஒரு தனி வண்டி விட்டுப்போன தடம் எதுவும் அதில் தெரியாது. எல்லோரும் சேர்ந்து கிழித்த ஒரே கோடுதான் தெரியும்.

கோடையில் போனவர்கள் குளிர்காலத்தைத் தொட்டுப் பார்த்த இடமும் ஒன்று உண்டு. ஸ்வீட்வாட்டர் பள்ளத்தாக்கில், இன்றைய ஜெஃப்ரி சிட்டிக்கு மேற்கே, ஐஸ் ஸ்லூ என்ற சதுப்பு நிலம். குளிர்காலத்தில் உறைந்த நீரை மேலே பாய்போல் படர்ந்த புல்வேரும் மக்கிய தாவரமும் வெயில் படாமல் காத்துவந்தன. கொளுத்தும் ஜூலையில் ஓரிரண்டு அடி தோண்டினாலே பனிக்கட்டி கிடைத்தது. குடியேறிகள் அதை வெட்டியெடுத்துத் தண்ணீரைக் குளிர்வித்தார்கள். இந்த நிலத்தின் குளிர்காலம் என்ன என்பதற்கு அவர்களில் பெரும்பாலோர் கண்ட ஒரே சான்று அதுதான். அங்கே ஜனவரியில் நிற்பவர், ஜூலை வரை கரையாமல் நின்ற அந்தப் பனி எத்தகைய குளிரில் பிறந்தது என்பதை உடம்பால் அறிகிறார்.

இரண்டு குறுக்குவழிகள்: 1846, 1970

லான்ஸ்ஃபர்ட் ஹேஸ்டிங்ஸ் 1845இல் குடியேறிகளுக்கான வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டார். ஆளுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி, 10 பவுண்டு காபி, 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு உப்பு என்று அவர் தந்த பட்டியல் நடைமுறைக்கு உகந்தது. அதே மனிதர் பெரிய உப்பேரியின் தெற்கே ஒரு குறுக்குவழியையும் சிபாரிசு செய்தார். நூலை எழுதியபோது அவ்வழியில் அவரே போனதில்லை.

1846 வசந்தத்தின் கடைசியில் அவர் அந்த வழியைக் கிழக்கு நோக்கிக் குதிரையில் கடந்தார். அவருடன் வந்த மலைவாசி வேட்டையாளர் ஜேம்ஸ் கிளைமன், ஜூன் கடைசியில் லாரமி கோட்டையில் ஜேம்ஸ் ரீடைச் சந்தித்தார். டானர் குடும்பத்தோடு சேர்ந்து மேற்கே போய்க்கொண்டிருந்தவர் ரீட். வழக்கமான தடத்தை விடாதீர்கள், குறுக்குவழியில் வண்டி போகாது என்று கிளைமன் எச்சரித்தார். கிட்டத்து வழி இருக்கச் சுற்றிப்போவானேன் என்பது ரீடின் வாதம். டானர் குழு குறுக்குவழியையே எடுத்தது. வாசாட்ச் மலையில் கோடரியால் மரம் வெட்டிப் பாதை போட வேண்டியிருந்தது. உப்புப் பாலையில் தண்ணீரில்லாமல் மாடுகள் விழுந்தன. சில நூறு கிலோமீட்டர் மிச்சம் என்று நம்பி எடுத்த வழி வாரக்கணக்கான நாட்களைத் தின்றது. சியரா நெவாடாவின் கணவாயை நெருங்கியபோது பனி முந்திக்கொண்டது. 87 பேர் கொண்ட குழுவில் ஏறத்தாழ பாதிப் பேர் உயிரிழந்தனர். உயிர் பிழைத்தவர்களில் பலர் இறந்தவர்களின் உடலை உண்டு பிழைத்தார்கள். இன்று ஐ-80 அதே மலையை டானர் சம்மிட் வழியாகக் கடக்கிறது. அருகிலுள்ள நினைவுச் சிலையின் பீடம் 22 அடி உயரம். அந்தக் குளிர்காலத்துப் பனியின் உயரத்தைக் காட்ட வைக்கப்பட்ட அளவு அது.

இதற்கு நேர் எதிரே வைக்க வேண்டியது வயோமிங்கில் லாரமிக்கும் வால்காட்டுக்கும் இடைப்பட்ட ஐ-80. 1860களில் ரயில் பாதைக்கு நிலம் அளந்தவர்கள் எல்க் மலையின் அடிவாரத்தைத் தவிர்த்து, வடக்கே மெடிசின் போ வழியாக வளைந்து போனார்கள். பழைய யூ.எஸ். 30 சாலையும் அந்த வளைவையே பின்பற்றியது. ஐ-80ஐத் திட்டமிட்டபோது மத்திய அரசின் சாலைத் துறை நேர்வழியை வற்புறுத்தியது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மிச்சம். அங்கே காற்றும் பனியும் எப்படிப்பட்டவை என்று அறிந்த உள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்றார்கள். 77 மைல் நீளமுள்ள அந்தப் பகுதி 1970 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. நான்கே நாளில் பனி அதை மூடியது. லாரி ஓட்டுநர்கள் வியட்நாம் போர்க்காலத்து ஹோ சி மின் பாதையை நினைத்து அதற்கு ‘ஸ்னோ சி மின்’ என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டு முடிவுகளும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டிலும் தூரம் காகிதத்தில் குறைந்தது. நிலத்தை நேரில் அறிந்தவரின் சொல் இரண்டிலும் காதில் விழுந்தது. இரண்டிலும் அதைத் தள்ளிவைத்தார்கள். வேற்றுமை, பிழைக்குப் பின்னால் நடந்ததில் இருக்கிறது. டானர் குழுவுக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்பே இல்லை. பிழையின் விலையைக் குழந்தைகளும் சேர்ந்து கொடுத்தார்கள். 1970இன் பிழையை ஒரு மாநிலமே உட்கார்ந்து ஆராய்ந்து திருத்த முயன்றது.

அந்தத் திருத்தம் இன்றைக்கும் சாலையோரம் நிற்கிறது. ரொனால்ட் டேப்ளர் என்ற ஆய்வாளர் காற்றில் பறக்கும் பனியை அளந்து, 1971 முதல் எழுப்பப்பட்ட பெரும் பனி வேலிகளுக்கு அடிப்படை தந்தார். சாய்ந்து நிற்கும் மரச்சட்டங்கள், ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு. பலகைகளுக்கிடையே பாதிக்குப் பாதி வெற்றிடம். அடியிலும் ஓர் இடைவெளி. வேலி காற்றைத் தடுப்பதில்லை, தளர்த்துகிறது. வேகம் குறைந்த காற்று தூக்கிவந்த பனியை வேலிக்கு அப்பால் கீழே போட்டுவிடும். அப்படிச் சேரும் குவியல் வேலியின் உயரத்தைப்போல் 35 மடங்கு தூரம் வரை நீளும் என்று கண்டதால், சாலையிலிருந்து அத்தனை தூரம் தள்ளி வேலியை வைத்தார்கள். குளிர்காலத்தில் அவ்வழி போகிறவர், வேலிக்குப் பின்னால் மலைமலையாய்ப் பனியும் தன் சக்கரத்துக்கடியில் வெறும் தாரும் இருப்பதைக் காணலாம். நிலத்தை வெல்ல முடியாது, அதன் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அந்தச் சாலையில் இல்லை.

காத்திருக்கத் தெரிந்தவர்கள்

பருவம் தவறியவர்களின் கதைகளில் 1856 கைவண்டிக் குழுக்களின் கதை மிகவும் வேதனையானது. யூட்டாவுக்குப் போன மார்மன் சமயத்தவர்களில் மாடும் வண்டியும் வாங்க வழியில்லாதவர்கள், பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வந்த ஏழைகள், கைவண்டியைத் தாங்களே இழுத்து நடந்தார்கள். அவ்வாண்டு கடைசியாகக் கிளம்பிய வில்லி, மார்ட்டின் குழுக்களுக்கு வண்டிகள் ஆயத்தமாகவில்லை. காயாத மரத்தில் அவசரமாகச் செய்தார்கள். மிசௌரிக் கரையிலுள்ள ஃப்ளாரன்ஸை விட்டபோது ஆகஸ்ட் ஆகிவிட்டது. இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்போம் என்று லெவி சாவேஜ் என்பவர் கூட்டத்தில் எழுந்து சொன்னார். மற்றவர்கள் ஏற்கவில்லை. முடிவு அப்படியென்றால் நானும் உங்களோடு வருகிறேன் என்று கிளம்பி, கடைசிவரை உழைத்தார் அவர்.

அக்டோபர் 19 அன்று மார்ட்டின் குழு வடபிளாட்டைக் கடைசி முறையாகக் கடந்த நாளிலேயே பனிப்புயல் இறங்கியது. இண்டிபெண்டன்ஸ் ராக்கில் ஜூலைத் தொடக்கத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள் அதைத் தாண்டியபோது நவம்பர் பிறந்துவிட்டது. அதன் பக்கத்திலுள்ள மலை மடிப்பில் ஒதுங்கினார்கள்; அவ்விடம் இன்று மார்ட்டின்ஸ் கோவ். சால்ட் லேக் சிட்டியிலிருந்து மாவும் துணியும் ஏற்றிக்கொண்டு வந்த மீட்பு வண்டிகளால் பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டார்கள். இரு குழுக்களிலும் சேர்த்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே பாறை, அதே ஆறு, அதே தடம். மாறியது மாதம் மட்டுமே.

இன்றைய குளிர்காலச் சாலையில் சாவேஜின் சொல் ஓர் இரும்புக் கதவாக நிற்கிறது. செயென், லாரமி, ராலின்ஸ், ராக் ஸ்பிரிங்ஸ் போன்ற ஊர்களின் விளிம்பில், ஐ-80க்குக் குறுக்கே இறக்கும் தடுப்புக் கதவுகள் இருக்கின்றன. பனிப்புழுதி பார்வையை மறைத்தாலோ முன்னே லாரிகள் மோதிக் கிடந்தாலோ கதவை இறக்கிவிடுவார்கள். மீறிப் போவது குற்றம். ஊரின் விடுதிகள் நிரம்பும், லாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். நிலவரத்தை 511 என்ற எண்ணிலும் கேமரா படங்களிலும் பார்த்துக்கொள்ளலாம். குடியேறிகளுக்கு முன்னே என்ன இருக்கிறது என்பது எதிரே வருபவர் சொன்னால்தான் தெரியும், அதுவும் வாரம் கடந்த செய்தி. நமக்குச் செய்தி நொடியில் வருகிறது. ஆனால் செய்தியைக் கேட்டு நிற்க வேண்டிய மனம் இரு காலத்திலும் ஒன்றுதான். அதை எந்தக் கருவியும் தருவதில்லை.

வழியாக அன்றி வீடாக

இந்த ஒப்பாய்வில் ஒரு தரப்பு விடுபட்டால் அது அநியாயம். லகோட்டா, செயென், அரபாஹோ, ஷோஷோனி மக்களுக்கு இது கடந்துபோகும் நிலம் அன்று, வீடு. குளிர்காலத்தில் அவர்கள் காற்று மறைந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கூடாரமிட்டு, சேர்த்துவைத்த உணவோடு தங்கினார்கள். அந்த மறைவுகளில் இருந்த புல்லையும் விறகு மரத்தையும்தான் கோடைதோறும் வந்த மந்தைகளும் வண்டிகளும் தீர்த்தன. குடியேறியவர் கண்ணில் ஒரு பருவத்து மேய்ச்சலாகத் தெரிந்தது, அங்கே இருந்தவர்களுக்கு அடுத்த குளிர்காலத்தின் உயிர்நாடி.

1851இல் லாரமி கோட்டை ஒப்பந்தத்துக்காக ஹார்ஸ் கிரீக் கரையில் ஏறத்தாழ 10,000 பழங்குடியினர் திரண்டார்கள். மூன்றே ஆண்டில், குடியேறி ஒருவரின் மாடு கொல்லப்பட்டதில் தொடங்கிய தகராறில் லகோட்டாத் தலைவர் கான்கரிங் பேர் சுடப்பட்டு இறந்தார்; லெப்டினன்ட் கிராட்டனும் அவருடைய 29 வீரர்களும் மாண்டார்கள். ஆனாலும் தடம் முழுக்கப் போர்க்களம் என்ற எண்ணம் பொய். 1840 முதல் 1860 வரை பழங்குடியினரால் கொல்லப்பட்ட குடியேறிகள் 362 பேர், குடியேறிகளால் கொல்லப்பட்ட பழங்குடியினர் 426 பேர் என்று வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ கணக்கிட்டிருக்கிறார். காலராவும் ஆற்று வெள்ளமும் கை தவறி வெடித்த துப்பாக்கியும் குடியேறிகளில் இதைவிட மிகப் பலரைக் கொண்டுபோயின. லாண்டர் ஊருக்கு வடக்கே விண்ட் ரிவர் ஒதுக்ககத்தில் கிழக்கு ஷோஷோனிகளும் வடக்கு அரபாஹோக்களும் இன்றும் வாழ்கிறார்கள். சவுத் பாஸ் வரை போகும் பயணி அங்கேயும் போக வேண்டும். இந்த நிலத்தின் குளிர்காலத்தைப் பற்றி மிக நீண்ட அனுபவம் அவர்களுடையது.

ஒப்பீட்டின் பயன்

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். திரும்பிவர எண்ணமில்லாமல், பெற்றோரைக் கடைசி முறையாகப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்களின் பயணத்தோடு வாரக் கடைசியில் வீடு திரும்பும் பயணம் ஈடாகாது. சூடேற்றிய காரின் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு அவர்கள் துன்பத்தை உணர்ந்தேன் என்பது மிகை.

ஆனாலும் குளிர்காலத்தில் போவது வீணாகாது என்று உறுதியாகச் சொல்வேன். கோடையில் போகிறவர் குடியேறிகள் கண்ட காட்சியைக் காண்கிறார். குளிர்காலத்தில் போகிறவர் அவர்கள் எதற்கு அஞ்சி அவ்வளவு கணக்காக நாளை எண்ணினார்கள் என்பதை அறிகிறார். அந்த அச்சத்தை மதித்தவர்களின் பெயர்கள்தான் இண்டிபெண்டன்ஸ் ராக்கில் ஜூலைத் தேதிகளோடு இருக்கின்றன. கிளைமனும் சாவேஜும் எல்க் மலையின் உள்ளூர்க்காரர்களும் சொன்னது ஒன்றே: வழி எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன், இது எந்த மாதம் என்று கேள். கூண்டு வண்டிக்காரர்கள் அதை வழியில் இறங்கும் முன்பே கற்றார்கள். நெடுஞ்சாலை அதைத் திறப்பு விழாவுக்குப் பிறகு கற்றது. கார் ஓட்டுகிறவர் ராலின்ஸ் கதவு மூடியிருக்கும் இரவில் கற்றுக்கொள்ளலாம்: ஓர் அறை எடுத்து, விடியும்வரை இருந்து, பாதை திறந்த பின் போனால் போதும்.